இருபத்தைந்து வருஷப் பக்கவாத்தியம், முதல் தனி ஆல்பம்

மூன்று நிமிஷம். கச்சேரியில் பாடகர் பன்னிரண்டு நிமிஷம் தோடி ராக ஆலாபனை பாடி முடித்ததும் வயலினுக்குக் கிடைப்பது பெரும்பாலும் அவ்வளவுதான். தாராள மனசுக்காரராக இருந்தால் ஐந்து. அதற்குள் ராகத்தின் முகத்தைக் காட்டி, தார ஷட்ஜம் என்கிற மேல் ஸாவில் நீட்டிப் பிடித்து ஒரு கார்வை நின்று, இறங்கி முடித்துவிட வேண்டும். பன்னிரண்டு நிமிஷத்தை மூன்றாகச் சுண்டக் காய்ச்சுவது லேசான வித்தை இல்லை. ஆனால் இருபத்தைந்து வருஷம் அதையே செய்த கை, முதல் தனி ஆல்பத்தில் நாலாவது நிமிஷம் போக இடமில்லாமல் நிற்கிறது. மேலே போய்வந்தாகிவிட்டது. வாசித்த பிடிகளே திரும்ப வருகின்றன.

பக்கவாத்தியக் கலைஞர் தனி ஆல்பம் போட வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. வயலின் தனியாக நிற்குமா என்ற கேள்விக்கு லால்குடி ஜெயராமன், எம்.எஸ்.கோபாலகிருஷ்ணன், டி.என்.கிருஷ்ணன் எல்லோரும் எப்போதோ பதில் சொல்லிவிட்டார்கள். மூவருமே பெரிய பாடகர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தவர்கள்தான். என் வருத்தம் வேறு. பலர் மைக் என்ன, ஸ்டூடியோ வாடகை என்ன என்றுதான் முதலில் விசாரிக்கிறார்கள். கை பின்தொடர்ந்தே பழகியது, அதை முன்னால் நடக்கப் பழக்க மூன்று மாதமாவது வேண்டும் என்று யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அதனால் ஆல்பம், பாடகர் வராமல் போன கச்சேரி மாதிரி ஒலிக்கிறது.

ஆலாபனைக்கு ஒரு வழி உண்டு. போனில் பத்து நிமிஷம் ஓடவிட்டு, முதல் மூன்று நிமிஷம் மத்திய ஸ்தாயி பஞ்சமத்தைத் தாண்டுவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே மந்த்ரத்தில் வேலை செய்யுங்கள். வயலினின் தடித்த தந்திகளில் இருக்கும் கனத்தைப் பக்கவாத்தியத்தில் முழுசாகக் காட்ட நேரமே கிடைத்திருக்காது. அடுத்த நாலு நிமிஷம் பஞ்சமம், தைவதம், நிஷாதம் என்று ஒவ்வொரு ஸ்வரத்திலும் நின்று நின்று போகலாம். தார ஷட்ஜம் ஏழாவது நிமிஷத்துக்கு முன் வேண்டாம். ஒரு வாரம் கை முரண்டு பிடிக்கும், பிறகு வழிக்கு வரும்.

இரண்டாவது பழக்கம் இன்னும் நுட்பமானது. பாடகர் பாட்டு வரியின் சங்கதியை எந்தப் பக்கம் திருப்பப்போகிறார் என்று காது கொடுத்து, ஒரு இழை பின்னால் வாசிப்பதுதான் நல்ல பக்கவாத்தியம். தனியாக வாசிக்கும்போது முன்னால் போக ஆள் இல்லை. வயலின் மிருதங்கத்தைக் கவனிக்கிறது, மிருதங்கக்காரர் காலப்பிரமாணத்துக்கு, அதாவது பாட்டின் வேகத்துக்கு, வயலினைப் பார்க்கிறார். இருவரும் ஒருவருக்கொருவர் காத்திருந்தால் பாட்டு இழுக்கும், பதற்றம் சேர்ந்தால் ஓடும். கண்டுபிடிப்பது சுலபம். பல்லவியின் முதல் ஆவர்த்தனத்தையும் (ஒரு முழுத் தாளச் சுற்று) சரணத்தின் கடைசி ஆவர்த்தனத்தையும் ஸ்டாப்வாட்சில் பாருங்கள். ஆதி தாளத்தில் 8 விநாடியில் தொடங்கியது எட்டரை ஆகியிருந்தால் கேட்பவருக்குக் காரணம் தெரியாமலே அலுப்புத் தட்டும்.

இதற்காக ஹெட்ஃபோனில் தாளம் தட்டும் கிளிக் சத்தம் போட்டு வாசிக்கச் சொல்வார்கள். வேண்டாம். கிளிக்குக்கு வாசித்தால் கார்வைகள் விறைத்துப் போகும். அதற்குப் பதிலாக, திருப்தியான ஒரு டேக்கிலிருந்து (ஒருமுறை வாசித்த பதிவு) பல்லவியின் முதல் வரியை எடுத்து வைத்து, ஒவ்வொரு டேக்குக்கு முன்பும் இருவரும் ஒருமுறை கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். பிறகு இரண்டு டேக்குகளை ஒட்ட வேண்டிவந்தாலும் காலப்பிரமாணம் பொருந்தும்.

சாகித்யத்தை, அதாவது பாட்டின் வார்த்தைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து நூறு தடவை வாசித்த கிருதியாக இருக்கும், ஆனால் சரணத்தின் வார்த்தைகள் முழுசாகத் தெரியாது. பாடகர் பாடும்போது அது தெரியவராது. தனியாக வாசிக்கும்போது வில் எந்த எழுத்தில் திரும்ப வேண்டும் என்று கை தடுமாறுவது காதில் விழும். ஆல்பத்தில் சேர்க்கும் ஒவ்வொரு கிருதியையும் வாய்விட்டுப் பாடத் தெரிந்த பிறகே வாசியுங்கள்.

சுருதியும் அப்படித்தான். சுருதியின் உயரத்தைக் கட்டை என்று எண்ணுவார்கள். ஆண் பாடகர் என்றால் 1 கட்டை, ஒன்றரை. பெண் என்றால் 5, ஐந்தரை என்று இதுவரை மற்றவர் குரல்தான் தீர்மானித்தது. இப்போது உங்கள் வயலினுக்கு எது நிறைவாக இருக்கிறது என்று அதையே கேளுங்கள். அரைக் கட்டை இடைவெளியில் நாலு சுருதி. ஒவ்வொன்றுக்கும் தந்தி ஒரு இரவு நின்று பழகட்டும். காலையில் ஒரே ராகத்தை வாசித்துப் பதிவு செய்து பாருங்கள். அடித் தந்தி தொளதொளக்காமலும் மேல் தந்தி கீச்சிடாமலும் இருக்கும் இடம் தானே தெரியும்.

ஸ்டூடியோவில் கெட்டுப்போகும் விஷயங்கள் சில. மேடையில் மைக் அரை அடியில் இருக்கும், மிருதங்கத்தைத் தாண்டிக் கேட்க வேண்டும் என்று வில்லை அழுத்துவீர்கள். அந்த அழுத்தம் நல்ல கண்டென்ஸர் மைக்கில் உப்புத்தாளைத் தேய்க்கிற மாதிரி விழும். மைக்கை இரண்டரை, மூன்று அடி தள்ளி சற்று மேலே வைத்து, அழுத்தம் குறைத்து வில்லை நீளமாக விடுங்கள். தம்புராவை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு வாசிக்கவே கூடாது. அந்தச் சத்தம் வயலின் மைக்கில் ஏறிவிடும்; பிறகு எங்கே வெட்டி ஒட்டினாலும் தம்புராவின் மீட்டு பாதியில் துள்ளும். அதைச் சரிசெய்ய எந்த இன்ஜினியராலும் முடியாது. தம்புரா ஹெட்ஃபோனில் மட்டும், அதுவும் ஒரு காதில். ஆல்பம் முழுக்க ஒரே தம்புரா, ஒரே கருவி.

மிருதங்கம் தனி பூத்தில் இருக்கட்டும், ஆனால் கண்ணாடி வழியே முகம் தெரிய வேண்டும். ஏசி காற்றில் வலது பக்கத் தோலான வலந்தலையின் சுருதி ஏறும், இடது பக்கமான தொப்பியில் அப்பிய ரவை காய்ந்து கும்கி என்ற கனத்த நாதம் எடுபடாமல் போகும். ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால் சுருதி பார்க்கவும், ரவையை ஈரப்படுத்தவும் அவருக்கு ஐந்து நிமிஷம் கொடுங்கள். ஸ்டூடியோ நேரம் ஓடுகிறதே என்று அவரை அவசரப்படுத்துவது நியாயமில்லை. அந்த அவசரத்தை மேடையில் நீங்களும் பட்டிருப்பீர்கள்.

ஐம்பது நிமிஷ ஆல்பத்துக்கு இரண்டு முழு நாள் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு உருப்படிக்கு மூன்று டேக்குக்கு மேல் போனால் நிறுத்திவிட்டு வேறு எடுங்கள்; நாலாவது டேக்கில் தவறு குறையும், உயிரும் குறையும். உட்கார்ந்த இடத்தையும் மைக் ஸ்டாண்டின் கால்களையும் தரையில் டேப் ஒட்டி அடையாளம் வைத்து, போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் மறுநாள் ஒரு வரியை மட்டும் திருத்தி வாசிக்கும்போது அது வேறு அறையில் வாசித்த மாதிரி தனியாகத் தெரியும்.

மிக்ஸிங்கைப் பற்றி ஒன்று மட்டும்: சத்தத்தை ஏற்றச் சொல்லிக் கேட்காதீர்கள். கேட்பவர் அமைப்பை மாற்றாதவரை ஸ்பாட்டிஃபை பாட்டுகளை மைனஸ் 14 எல்.யூ.எஃப்.எஸ். (சத்தத்தை அளக்கும் அலகு) அளவை ஒட்டிக் கொண்டுவந்துதான் ஒலிக்கவிடும். அழுத்தி ஏற்றினால் கமகத்தின், அதாவது ஸ்வர அசைவின், மெல்லிய நுனிகள்தான் போகும்.

உரிமை விஷயம். இந்தியாவில் இசையமைத்தவர் இறந்து 60 வருஷம் வரை பதிப்புரிமை உண்டு. தியாகராஜர் 1847-இல் மறைந்தவர், அனுமதி வேண்டாம். பாபநாசம் சிவன் 1973-இல் மறைந்தார், 2033 முடியும் வரை உரிமை இருக்கிறது. லால்குடியின் தில்லானா என்றால் 2073 வரை. உருப்படியைத் தேர்ந்தெடுக்கும்போதே இதைப் பார்த்து எழுத்தில் அனுமதி வாங்குங்கள். மிருதங்கக்காரருக்கும் சட்டப்படி கலைஞர் உரிமை உண்டு. எவ்வளவு தொகை, வருமானத்தில் பங்கு உண்டா இல்லையா என்று ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். நண்பர்தானே என்று விடுவதில்தான் நட்பு கெடுகிறது.

கடைசியாக, என் மனசுக்கு நெருக்கமான ஒன்று. எத்தனையோ பதிவுகளில் பாடகர் பெயர் மட்டும் பெரிதாக இருக்கும், வயலின் யார், மிருதங்கம் யார் என்று தேடித்தான் பார்க்க வேண்டும். அந்த வலி தெரிந்தவர் போடும் ஆல்பத்திலும் அதுவே நடக்கக் கூடாது. பதிவேற்றும் படிவத்தில் கலைஞர் என்ற கட்டத்திலேயே மிருதங்கக்காரர் பெயரும் வர வேண்டும், விளக்கக் குறிப்பில் மட்டும் போதாது. இனிஷியலில் ஒரு புள்ளி மாறினாலும் தளம் வேறொரு ஆள் என்று நினைத்துப் புதுப் பக்கம் திறந்துவிடும், பிறகு மாற்ற வாரக்கணக்கில் அலைய வேண்டும். அதனால் முதல் நாள் டேக் தொடங்குவதற்கு முன்பே ஒரு தாளை நீட்டி, பெயரை எப்படிப் போட வேண்டும் என்று அவர் கையாலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.