விதவை வரி பற்றி இன்னும் எழுதியிருக்கலாம்

அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் அமைப்புகள் அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினர்களை அணுகிப் படைக் குடும்பங்களுக்காக வாதாடுவதை உங்கள் கட்டுரை நன்றாக விளக்குகிறது. ஆனால், ‘விதவை வரி’ பற்றிய பேச்சு ஒரே வாக்கியத்தில் முடிந்துவிட்டது. என் மனத்தைத் தொட்டதோ அதுதான். ஓய்வுபெற்ற வீரர் தமக்குப் பின் மனைவிக்கு உதவுமென்று தம் ஓய்வூதியத்திலிருந்து மாதந்தோறும் கட்டணம் செலுத்திப் பெற்ற காப்புத் தொகையிலிருந்து, அவர் படைப்பணியின் விளைவாக இறந்ததற்காக வேறொரு திணைக்களம் வழங்கிய இழப்பீட்டை டொலருக்கு டொலர் கழித்தார்கள்; இந்தக் கழிவைத்தான் ‘விதவை வரி’ என்றார்கள். கணவர் பணம் கட்டி வாங்கிய உரிமையை இழப்பீட்டைக் காட்டிப் பறிப்பது எந்த வகையில் நியாயம்? படைப்பணியால் கணவரை இழந்த பெண்களுக்காக 1945 இல் தோன்றிய கோல்ட் ஸ்டார் வைவ்ஸ் அமைப்பின் பெண்களும் முன்னாள் வீரர்களும் பல ஆண்டுகள் சளைக்காமல் வலியுறுத்திய பிறகே, 2019 டிசம்பரில் சட்டம் திருத்தப்பட்டு, 2023 ஜனவரியில் அந்தக் கழிவு முற்றாக நீங்கியது.

அவர்கள் கையில் வாக்கு இருந்தது. இலங்கையில் 1949 இல் வாக்குரிமையை இழந்த மலையகத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த எனக்கு, பிரதிநிதியிடம் உரிமையோடு போய் நிற்பது எவ்வளவு பெரிய பலம் என்பது தெரியும். வீரரின் விதவை 55 வயதுக்கு முன் மறுமணம் செய்தால் இழப்பீடு நின்றுவிடும் என்ற விதிக்கு எதிரான அவர்களது முயற்சியையும் தயவுசெய்து எழுதுங்கள்.

— ஹட்டனிலிருந்து ஒரு வாசகர்