வருகை சமீபமாம், அதனால் மரம் வேண்டாமாம்

கார் நிறுத்த இடம் வேண்டும் என்று நம் சர்ச் வளாகத்து வேப்பமரத்தை வெட்டிவிட்டார்கள். அந்தப் படத்தைப் போட்டதிலிருந்து இன்பாக்ஸ் முழுக்க அறிவுரை. "சபை விஷயத்தை வெளியே பேசலாமா சிஸ்டர்?" ஊர் பார்க்க மரத்தை வெட்டலாம், நான் பேசினால்தான் சபைக்கு அவமானம்.

கார் நிறுத்த இடமில்லை என்பதோடு விட்டிருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பேன். "இயேசுவின் வருகை சமீபம், இந்தப் பூமி எப்படியும் வெந்துபோகும், ஒரு மரத்துக்குப் போய் அழலாமா" என்று சபை அங்கிள் ஒருவர் மைக்கில் சொன்னாரே, அதுதான் தொண்டையில் நிற்கிறது. அதே அங்கிள் போன மாதம் பேரன் பெயரில் ஒரகடத்தில் மனை வாங்கியதற்கு ஸ்தோத்திரக் காணிக்கை போட்டார். வருகை சமீபம் என்பது பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு மட்டும் தெரியாது போல.

பேரனுக்கு மனை வேண்டும், தண்ணீர் வேண்டாமா?

2019 அதற்குள் மறந்துவிட்டதா? செம்பரம்பாக்கம் ஏரி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. எங்கள் தெருவுக்கு லாரி ராத்திரி இரண்டு மணிக்கு வரும். முட்டிவலியோடு அம்மா குடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அப்போது வற்றாமல் இருந்தது நம் சர்ச் கிணறு ஒன்றுதான். இஸ்திரி வண்டிக்காரர், பக்கத்து வீட்டு பாய் குடும்பம், எல்லோரும் அதில்தான் இறைத்தார்கள். வளாகம் முழுக்க மண்தரை, பெய்த மழை உள்ளே இறங்கியது. இப்போது கிணற்றுச் சுவர் வரைக்கும் பேவர் பிளாக்.

மழைநீர்க் குழி இருக்கிறதே என்பீர்கள். 2003-இல் சட்டம் வந்தபோது தோண்டியதுதானே? மூடியைத் திறந்து பாருங்கள். சிமெண்ட் சாக்கும் பழைய கிறிஸ்துமஸ் ஸ்டாரும் கிடக்கிறது.

வசனம் எங்கே என்று கேட்பவர்கள் பைபிளில் 2 இராஜாக்கள் 20-ஐ எடுங்கள். சாகப்போகிறாய் என்றதும் எசேக்கியா ராஜா சுவர்ப்புறம் திரும்பி அழுகிறான், 15 வருஷம் கூட்டி வாங்குகிறான். அதே அதிகாரத்தில், உன் பிள்ளைகளைப் பாபிலோனுக்குப் பிடித்துப்போவார்கள் என்று ஏசாயா தீர்க்கதரிசி சொல்லும்போது ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. என் நாட்களில் சமாதானம் இருக்குமே, நல்லதுதான் என்கிறான். நம் கமிட்டியில் எத்தனை எசேக்கியா!

"நாளைக்காகக் கவலைப்படாதிருங்கள்" என்று அனுப்பியவருக்கு: உன் சோற்றுக்கும் துணிக்கும் தவிக்காதே என்று இயேசு சொன்னதைப் பேரப்பிள்ளைகள் தலையில் கட்டாதீர்கள்.

வயதானவர்கள் தூரத்திலிருந்து நடந்துவர முடியவில்லை என்பது மட்டும் நியாயம், அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் அங்கே நிற்கிற கார்களில் எத்தனை வயதானவர்களுடையது, சொல்லவா? வேண்டாம், விடுங்கள்.

நீங்கள் ஏசி போடுவதில்லையா என்று ஒரு தம்பி கேட்டார். போடுகிறேன் தம்பி, இரண்டு அறையிலும். அதனால் வாயை மூடிக்கொள்ள வேண்டுமா?

அந்த வேப்பமர நிழலில்தான் ஞாயிறு பள்ளி சின்னப் பிள்ளைகள் வகுப்பு நடக்கும். இந்த வாரம் பேவர் பிளாக்கில் பாய் விரித்தார்கள். ஐந்து நிமிஷத்தில் சூடு தாங்காமல் எல்லாம் எழுந்துவிட்டன. என் மகள் செருப்பைக் கழற்றி அதன்மேல் உட்கார்ந்து மனப்பாட வசனம் சொன்னாள்.

இதை சபை வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். ஒரே ஒரு கைகூப்பும் எமோஜி வந்தது. 19 வருஷம் பாடகர் குழுவில் நின்றவளுக்கு அவ்வளவுதான். குழுவிலிருந்து நீக்குவதானால் நீக்குங்கள். காணிக்கைக் கவர் இந்த மாதமும் வரும்.