35 டாலரும் ஒரு பட்டியலும்

சனிக்கிழமை இரவு நம் வாட்ஸ்அப் குழுவில் சுற்றிய அந்தப் பட்டியலை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். 2024 அதிபர் தேர்தலில் கமலா ஹாரிசுக்கு நம் பகுதித் தமிழர்களில் யார் எவ்வளவு கொடுத்தார்கள், யார் ட்ரம்புக்குக் கொடுத்தார்கள், யார் யாருக்குமே கொடுக்கவில்லை என்று பெயரும் ஊரும் தொகையுமாக வரிசைப்படுத்தி, பெரிய தொகைக்குப் பச்சை, சிறிய தொகைக்கு மஞ்சள், கொடுக்காதவர்களுக்குச் சிவப்பு என்று வண்ணமும் பூசியிருந்தார்கள். என் பெயர் மஞ்சளில் இருந்தது. 35 டாலர். பட்டியலின் அடியில், "எல்லோரும் இன்னும் கொஞ்சம் மனது வைத்திருந்தால் நாம் ஜெயித்திருப்போம்" என்று ஒரு வரி. அந்த ஒரு வரிக்காகத்தான் இரண்டு நாள் பொறுத்திருந்து இதை எழுதுகிறேன்.

நாம் தோற்றது பணம் குறைந்ததால் அல்ல. பணத்தில் நாம் தோற்கவே இல்லை.

2024 ஜூலை 21 அன்று பைடன் விலகி, ஹாரிஸ் களத்துக்கு வந்த முதல் 24 மணி நேரத்தில் திரண்ட தொகை 8 கோடியே 10 லட்சம் டாலர். அதற்கு இரண்டு மாதம் முன்பு, மே 30 அன்று, நியூயார்க் நீதிமன்றத்தில் 34 குற்றச்சாட்டுகளிலும் ட்ரம்ப் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தபோது, அவருடைய தரப்பு ஒரே நாளில் 5 கோடியே 28 லட்சம் திரட்டியதாக அறிவித்தது. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நாம்தான் பெரியவர்கள் என்று நம் குழுவில் அன்று எத்தனை பேர் குதித்தோம் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஜூலை மாதக் கணக்கில் ஹாரிஸ் தரப்பு 31 கோடி, ட்ரம்ப் தரப்பு 13 கோடியே 87 லட்சம். ஆகஸ்டில் 36 கோடிக்கு எதிராக 13 கோடி. மூன்று மாதம் முடிவதற்குள் கட்சியும் பிரசாரக் குழுவும் சேர்ந்து திரட்டியது 100 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. நவம்பர் 5 அன்று என்ன ஆனது? தேர்வாளர் வாக்குகளில் ட்ரம்புக்கு 312, ஹாரிசுக்கு 226. போட்டி கடுமையாக இருந்த ஏழு மாநிலங்களும் போயின. நான் வசிக்கும் பென்சில்வேனியாவும் போயிற்று. இதற்குப் பிறகும் ஒருவர் என்னைப் பார்த்து, "நீங்கள் 35 டாலரோடு நிறுத்திக்கொண்டதால்தான்" என்கிறார் என்றால், அவர் கணக்குப் பார்க்கவில்லை, பழி போட ஆள் தேடுகிறார் என்றுதான் நான் புரிந்துகொள்வேன்.

இது புதிதாக நடந்ததும் அல்ல. 2016-இல் ஹிலாரி கிளிண்டன் ட்ரம்பைவிட மிக அதிகமாகத் திரட்டினார், தோற்றார். அதே ஆண்டு குடியரசுக் கட்சிக்குள்ளேயே ஜெப் புஷ்ஷுக்காக ஒரு சூப்பர் பேக், அதாவது வேட்பாளர் கையில் கொடுக்காமல் அவருக்காகத் தனியே செலவழிக்கும் குழு, 10 கோடி டாலருக்கு மேல் சேர்த்து வைத்திருந்தது. கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகளில் அவருக்குக் கிடைத்தது நான்கு பேர். 2020-இல் மைக்கேல் புளூம்பெர்க் தன் கைப்பணத்திலிருந்து சுமார் 100 கோடி டாலர் செலவழித்து வென்றது அமெரிக்க சமோவா என்ற ஒரு சிறு தீவுப் பகுதியை மட்டும். பணம் மட்டும் வெற்றியை வாங்கித் தரும் என்றால் இந்த மூவரில் ஒருவராவது வெள்ளை மாளிகைக்குப் போயிருக்க வேண்டும்.

"அப்படியானால் பணமே தேவையில்லையா?" என்று கேட்பீர்கள். தேவைதான், மறுக்கவில்லை. 1896 அதிபர் தேர்தலில் மெக்கின்லிக்காக அவருடைய பிரசாரத்தை நடத்திய மார்க் ஹன்னா வங்கிகளிடமும் பெரு நிறுவனங்களிடமும் வசூலித்துக் குவித்த பணத்துக்கு முன்னால், ஊர் ஊராக ரயிலில் போய்ப் பேசிய எதிர் வேட்பாளர் பிரையனால் நிற்க முடியவில்லை. அலுவலகம் வாடகைக்கு எடுக்கவும், ஆள் வைக்கவும், தொலைக்காட்சியில் விளம்பரம் கொடுக்கவும் பணம் வேண்டும். ஆனால் 2024 அக்டோபரில் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் ஒரு விளம்பர இடைவேளையில் இரு தரப்பும் மாறி மாறி வந்துகொண்டே இருந்தார்கள். தபால்பெட்டியைத் திறந்தால் தினமும் பளபளப்பான அட்டைகள் கொட்டின. பத்தாவது விளம்பரத்தில் மனம் மாறாதவர் பதினோராவதில் மாறியிருப்பார் என்றும், அந்தப் பதினோராவது விளம்பரத்துக்கான காசை நான்தான் தராமல் போனேன் என்றும் என்னால் நம்ப முடியவில்லை.

"அந்தப் பக்கம் ஈலோன் மஸ்க் இருந்தாரே" என்பது அடுத்த கேள்வி. இருந்தார். ஒரே மனிதர் 25 கோடி டாலருக்கு மேல் செலவழித்தார். அது சட்டப்படி முடிந்தது, ஏனென்றால் 2010-இல் வந்த நீதிமன்றத் தீர்ப்புகளுக்குப் பிறகு சூப்பர் பேக்குகளுக்கு உச்சவரம்பு கிடையாது. இதைச் சொல்லி என்னிடம் வாதாடுகிறவர்கள் தங்கள் வாதத்தையே கொஞ்சம் நின்று கேட்க வேண்டும். 25 கோடி கொடுக்க ஒருவர் இருக்கும் களத்தில், என் 35 டாலர் 70 ஆகியிருந்தால் என்ன மாறியிருக்கும்? அதைக் கேட்டு எனக்கு மஞ்சள் வண்ணம் பூசுகிறவர்கள், அந்த உச்சவரம்பின்மையைப் பற்றி நம் குழுவில் ஒரு நாளாவது ஒரு வரி எழுதியிருக்கிறார்களா?

நம் பக்கமும் தூய்மையாக இருந்துவிடவில்லை என்பதைச் சொல்லாமல் விட்டால் அது நேர்மையாகாது. வருமான வரிப் படிவத்தின் முதல் பக்கத்தில், அதிபர் தேர்தல் நிதிக்கு 3 டாலர் போகட்டுமா என்று ஒரு சிறு கட்டம் இருக்கிறதே, அதைக் குறித்தால் நம் வரி ஒரு காசும் கூடாது. வாட்டர்கேட் ஊழலுக்குப் பிறகு, வேட்பாளர்கள் பணக்காரர்களின் வாசலில் நிற்கக் கூடாது என்று அரசு நிதி முறை நடைமுறைக்கு வந்தது; அதற்கான பணம் அந்தக் கட்டத்தின் வழியாகத்தான் சேர்கிறது. 2008-இல் குடியரசுக் கட்சி வேட்பாளர் மெக்கெய்ன் அந்த நிதியில் 8 கோடியே 40 லட்சம் எடுத்துக்கொண்டு அதன் வரம்புக்குள் நின்றார். நான் உயிராக நேசித்த ஒபாமா, முதலில் வேறு மாதிரிப் பேசிவிட்டு, பிறகு அந்த நிதியை வேண்டாம் என்று சொல்லித் தனியாகத் திரட்டினார். பொதுத் தேர்தலில் அதை மறுத்த முதல் பெரிய கட்சி வேட்பாளர் அவர்தான். 2012-இலிருந்து பெரிய கட்சிகள் இரண்டுமே பொதுத் தேர்தலில் அதைத் தொடுவதில்லை. நான் இன்றும் ஒவ்வோர் ஆண்டும் அந்தக் கட்டத்தைக் குறிக்கிறேன். எங்கள் வரிக் கணக்கர் ஒவ்வோர் ஆண்டும் நிமிர்ந்து பார்ப்பார்.

இந்த ஓட்டப்பந்தயத்தில் மிதிபடுவது யார் என்று நான் கண்ணால் பார்த்தேன். எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். மனைவியை இழந்தவர், எழுபத்தைந்தைத் தாண்டியவர், நான் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். ஒரு நாள் தயங்கித் தயங்கி வங்கிக் கணக்கு அறிக்கையைக் கொண்டுவந்து காட்டினார். ஏதோ ஒரு பிரசாரத்துக்கு ஒரே ஒரு முறை 20 டாலர் கொடுத்திருக்கிறார். ஆனால் வாரா வாரம் 20 டாலர் போயிருக்கிறது. பணம் கொடுக்கும் பக்கத்தில் "வாரந்தோறும்" என்ற கட்டம் முன்கூட்டியே குறிக்கப்பட்டிருந்ததை அவர் கவனிக்கவில்லை. கவனிக்கும் கண்ணும் அவருக்கு இல்லை. எந்தக் கட்சி என்று நான் எழுதப் போவதில்லை, எழுதினால் பேச்சு அந்தப் பக்கம் போய்விடும். ஒரு முழுப் பிற்பகல் தொலைபேசியில் காத்திருந்து அதை நிறுத்தினேன். "இவ்வளவு விவரம் தெரியாதவனாகிவிட்டேனே, என் பையனிடம் சொல்லிவிடாதே அம்மா" என்றார். தவறு செய்தவர் போல் அவர் தலை குனிந்திருந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

அவர் ஒருவர் அல்லர். 2020 தேர்தலில் இப்படி முன்கூட்டியே குறிக்கப்பட்ட கட்டங்களைப் பற்றிய புகார்கள் குவிந்து, ட்ரம்ப் தரப்பும் அவர்கள் கட்சியும், அந்தக் கட்சியினர் பயன்படுத்தும் இணைய நன்கொடைத் தளமான வின்ரெட் வழியாக வந்த பணத்தில் 12 கோடி டாலருக்கு மேல் திருப்பிக் கொடுத்தன. 2021 மே மாதத்தில் கூட்டாட்சித் தேர்தல் ஆணையம், எதிரெதிர்க் கட்சிகளின் ஆட்கள் உட்கார்ந்திருக்கும் அந்த ஆணையமே, இதைத் தடை செய்யுங்கள் என்று நாடாளுமன்றத்துக்கு ஒருமனதாகப் பரிந்துரைத்தது. நள்ளிரவுக் கெடு என்று வரும் குறுஞ்செய்திகளும், நீங்கள் கொடுத்தால் ஆறு மடங்காக்குவோம் என்று வரும் மின்னஞ்சல்களும் இரு தரப்பிலும் உண்டு. ஒருவர் ஒரு வேட்பாளருக்கு ஒரு தேர்தலில் நேரடியாகக் கொடுக்கக்கூடிய உச்சவரம்பு அப்போது 3,300 டாலராக இருந்தது. அப்படியிருக்க லட்சக்கணக்கானோர் கொடுப்பதை ஆறு மடங்காக்கப் போகிறவர் யார் என்று யாரும் கேட்பதில்லை, ஏனென்றால் மாதக் கடைசிக்குள் எதிர்த் தரப்பைவிடப் பெரிய எண்ணை அறிவித்தாக வேண்டும். அந்த எண்ணுக்காகத்தான் மாமாவின் 20 டாலர் வாரா வாரம் போனது.

இனி அந்தப் பட்டியலுக்கே வருகிறேன். "ஆணையத்தின் இணையதளத்தில் எல்லோருக்கும் திறந்திருப்பதுதானே, நாங்கள் எதையும் திருடவில்லையே" என்று அதைத் தயாரித்த தம்பி எழுதியிருந்தார். உண்மைதான். நேரடியாகக் கொடுத்தால் 200 டாலருக்குக் கீழ் உள்ளவர் பெயர் வெளியே வராது. நம் கட்சியினர் பயன்படுத்தும் இணையத் தளமான ஆக்ட்ப்ளூ வழியாகவோ வின்ரெட் வழியாகவோ கொடுத்தால் ஒரு டாலர் கொடுத்தவர் பெயரும் வந்துவிடும். அப்படித்தான் என் 35 டாலர் அவர் கையில் சிக்கியது. ஆனால் அந்தப் பெயர்களை எடுத்து நன்கொடை கேட்கப் பயன்படுத்தக் கூடாது என்பதும் அதே சட்டம்தான். பட்டியலின் தலைப்பில் "2028-க்கு முதலில் இவர்களிடம் கேட்க வேண்டும்" என்று எழுதியிருக்கிறீர்களே, தம்பி, அதைச் சட்டம் தெரிந்த யாரிடமாவது காட்டினீர்களா?

சிவப்பு வண்ணத்தில் இருக்கும் குடும்பங்களில் ஒன்பதை எனக்கு நேரில் தெரியும். ஒன்பதும் எச்-1பி விசாவில் இருப்பவர்கள். கிரீன் கார்டு இல்லாத வெளிநாட்டவர் அமெரிக்கத் தேர்தலுக்கு ஒரு காசு கொடுத்தாலும் குற்றம்; அவர்களுக்காக இன்னொருவர் தன் பெயரில் கொடுத்தாலும் குற்றம். கிரீன் கார்டு வரிசையில் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாகக் காத்திருக்கிறவர்கள், சட்டத்தை மதித்து ஒதுங்கி நின்றதற்காக, சொந்த மொழிக்காரர்களின் குழுவில் சிவப்பு வண்ணம் வாங்கியிருக்கிறார்கள். இதை எழுதும்போது எனக்குக் கை நடுங்குகிறது. அவர்களில் ஒருவர்தான் செப்டம்பர் முழுவதும் சனிக்கிழமைகளில் தன் வண்டியில் எங்களை ஏற்றிக்கொண்டுபோய், நாங்கள் கதவு கதவாகத் தட்டி வரும்வரை தெருமுனையில் காத்திருந்தவர். அந்தச் சனிக்கிழமைகளுக்குப் பட்டியலில் ஒரு கட்டம்கூட இல்லை.

"கொடுத்தவர் பெயரை எழுதி வைப்பது நம் மரபுதானே, கமலா ஹாரிசின் தாத்தா ஊரான துளசேந்திரபுரம் கோயில் கல்லில் அவர் பெயரே இருக்கிறதே" என்று ஓர் அண்ணன் கேட்டிருந்தார். இருக்கிறது அண்ணா. அந்தக் கல்லில் கொடுத்தவர்கள் பெயர் இருக்கிறது. கொடுக்காதவர்கள் பெயரைப் பொறித்த கல்லை நான் எந்தக் கோயிலிலும் பார்த்ததில்லை.

எங்கள் ஊர் பேராவூரணிப் பக்கம். கல்யாணங்களில் மொய் எழுத என் அப்பாவைத்தான் உட்கார வைப்பார்கள், கையெழுத்து அழகாக இருக்கும் என்பதால். சிறு வயதில் நான் பக்கத்தில் உட்கார்ந்து பணத்தை அடுக்குவேன். ஒரு கல்யாணத்தில் மைக்கில் பெயரும் தொகையும் வாசிக்க ஓர் ஆளை வைத்திருந்தார்கள். கணவனை இழந்து கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஓர் அத்தை, முந்தானை முடிச்சை அவிழ்த்து ஐந்து ரூபாய் நீட்டினார். அப்பா எழுதினார். மைக்காரர் எட்டிப் பார்த்தபோது அந்த வரியின் மேல் உள்ளங்கையை வைத்து மறைத்துக்கொண்டு, "அடுத்தவங்க வாங்க" என்றார். அத்தை சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்த தலையோடு போனார்.

என் 35 டாலருக்குக் காரணம் சொல்ல நான் கடமைப்பட்டவள் அல்ல. ஆனாலும் உங்களில் சிலர் எனக்குப் பின்னால் பேசியது காதுக்கு வந்ததால் சொல்கிறேன்: அந்த ஆகஸ்டில்தான் அப்பா தஞ்சாவூரில் மருத்துவமனையில் இருந்தார். விமானச் சீட்டுக்கும் சிகிச்சைக்கும் போக மீதி இருந்ததில் கொடுத்தேன். மனது வைத்துத்தான் கொடுத்தேன்.

பட்டியலில் என் பெயர் இருந்துவிட்டுப் போகட்டும், மஞ்சளிலேயே இருக்கட்டும். அந்த ஒன்பது குடும்பங்களின் பெயர்களை இன்று இரவுக்குள் எடுத்துவிடுங்கள். சனிக்கிழமைகளில் வண்டி ஓட்டியவரின் வீட்டுக்கு உங்களில் ஒருவராவது நேரில் போய்ப் பேசுங்கள். நான் நேற்று மாலையே போனேன். அவர் மனைவி கதவைத் திறந்தார், காபி கொடுத்தார், பட்டியலைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை.