ஆயிரமாவது சுற்றில் எவ்வளவு பிடிக்கும்?

தஞ்சாவூர்க் கூட்டத்து வீடியோவை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம், பார்த்துவிட்டேன். காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்கும் கருவியை டெல்டாவில் ஊருக்கு ஒன்று வைப்போம், அதிலுள்ள தூள் அழியவே அழியாது, காலத்துக்கும் ஓடும் என்று மேடையில் சொன்ன கூட்டம் அது. ‘இது எத்தனை சுற்று தாங்கும்?’ என்று நான் கேட்பதும், மேடையில் இருந்தவர் சிரித்துக்கொண்டே ‘மேடம், கொஞ்சம் பாசிட்டிவா யோசிங்க’ என்பதும் தெளிவாகப் பதிவாகியிருக்கின்றன. அதற்கப்புறம் நான் பேசியதை மட்டும் காணோம். சரி, இங்கே எழுதிவிடுகிறேன்.

கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்கும் அமீன் (நைட்ரஜன் உள்ள ஒரு வகை வேதிப்பொருள்) பொருள்களுக்கு நான் எதிரி இல்லை. என் சோறே அதில்தான். நுண்துளைகள் உள்ள சிலிக்காத் தூளில் பாலிஎத்திலீன்இமைன் என்ற அமீன் பாலிமரை ஏற்றுகிறோம். அது காற்றிலிருந்து பிடிக்கும், 100 டிகிரியை ஒட்டிச் சூடாக்கினால் விடும், ஆறினால் மறுபடி பிடிக்கும். ஒருமுறை பிடித்து விட்டால் ஒரு சுற்று. முதல் சுற்றில் எவ்வளவு பிடித்தது என்பது போஸ்டருக்கு. ஆயிரமாவது சுற்றில் எவ்வளவு என்பதுதான் கேள்வி.

காற்றில் நாம் தேடும் கார்பன் டை ஆக்சைடு 0.04 சதவீதம். கூடவே வரும் ஆக்சிஜன் 21 சதவீதம். சூடாக இருக்கும்போது ஆக்சிஜன் பட்டால் அமீன் சிதையும். இரும்போ செம்போ துளி கலந்திருந்தால் இன்னும் வேகமாகச் சிதையும். புதிதாகச் செய்த தூள் வெள்ளைவெளேரென்று இருக்கும். சூடான காற்றில் விட்டுவைத்தால் மஞ்சளாகும், அப்புறம் பழுப்பாகும். மூடியைத் திறந்தால் அம்மோனியா நெடி மூக்கில் ஏறும். அந்தக் குப்பியோடு யாரும் செல்ஃபி எடுப்பதில்லை. இதனால்தான் காற்றை வெளியேற்றிவிட்டுச் சூடாக்குகிறார்கள், ஆறிய பிறகே காற்றை உள்ளே விடுகிறார்கள். மேடையில் சொன்னதுபோல ‘காலத்துக்கும் ஓடும்’ என்றால் இவ்வளவு பாடு எதற்கு?

‘டெல்டாவில் ஈரக்காற்று, அது நல்லது என்று நீங்களே எழுதினீர்களே?’ எழுதினேன், உண்மைதான். காய்ந்த கார்பன் டை ஆக்சைடில் சூடாக்கினால் அமீன்கள் யூரியாப் பிணைப்புகளாக இறுகிப்போகும், ஈரம் அதைப் பெருமளவு தடுக்கும். ஆனால் தூள் தண்ணீரையும் சேர்த்து உறிஞ்சும். ஒவ்வொரு சுற்றிலும் அந்தத் தண்ணீரையும் விரட்டியாக வேண்டும். அந்த வெப்பத்துக்கு யார் காசு? (‘யூரியா வந்தால் குறுவைக்குப் போடலாமே’ என்று கமெண்ட் போட்ட புத்திசாலிக்கு வணக்கம்.)

‘ஐஸ்லாந்தில் ஓடுகிறதே?’ ஓடுகிறது. 2021-ல் ஓர்கா, 2024-ல் மாமத் என்று காற்றிலிருந்து பிடிக்கும் இரண்டு ஆலைகள். அங்கே சூடாக்கப் பூமிக்கடியிலிருந்து வெப்பம் கிடைக்கிறது. திருவாரூரில்? ‘தூத்துக்குடியில் 2016-லேயே செய்தார்களே?’ அது அமீன் கலந்த கரைசல், கொதிகலன் புகையில் பிடித்து சோடா ஆஷ் செய்தார்கள். வேறு கதை.

தீர்வே கிடையாது என்று நான் சொல்லவில்லை. அமீன்களுக்கு நடுவே இரண்டு கார்பனுக்குப் பதில் மூன்று வைத்தால் ஆக்சிஜனை இன்னும் நன்றாகத் தாங்குகிறது. இதற்காகவே ராத்திரி பகலாக உழைக்கிறவர்கள் இருக்கிறார்கள். ‘அழியவே அழியாது’ என்று மேடையில் சொல்வது அவர்கள் உழைப்பையும் சேர்த்துத்தான் அவமதிக்கிறது.

மன்னார்குடியில் அப்பா போர்செட் மோட்டார் வாங்கப் போனால், எவ்வளவு தண்ணீர் இறைக்கும் என்று கடைக்காரர் சொல்லி முடிப்பதற்குள் காயில் எத்தனை வருஷம் தாங்கும் என்று கேட்பார். அவரை யாரும் நெகட்டிவ் என்றதில்லை, வாரண்டி எழுதிக் கொடுத்தார்கள். அவர் மகள் கேட்டால் மட்டும் சிரிப்பு வருகிறது. பெண் கேட்டதால் இல்லை என்று சமாதானம் சொல்ல வருகிறவர்கள், எனக்குப் பின்வரிசையில் இருந்த பேராசிரியர் அதே கேள்வியைக் கேட்டபோது மேடையே தலையாட்டியதையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

டெல்டாவில் ஊருக்கு ஒன்று வைப்பார்களாம். வையுங்கள். கெட்டுப்போன பழுப்புத் தூள் ஊருக்கு எத்தனை மூட்டை சேரும், எங்கே கொட்டுவீர்கள்? வாய்க்காலிலா? 2020-ல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்று சட்டம் போட்ட மண் இது. வெண்ணாற்றங்கரையில் ஏதாவது ஒரு கிராம சபையில் போய் ‘காலத்துக்கும் ஓடும்’ என்று சொல்லிப் பாருங்கள். அங்கே கேள்வி கேட்கிறவர்களை உட்காரச் சொல்ல உங்களால் முடியாது.