கடைசி கவுன்ட்டர் யாருக்கு?

டிவி காமெடி நிகழ்ச்சியில் ஒரு பெண் எத்தனை சீசன் தாங்குவார் என்பதை அவர் நடிப்பைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஸ்கிரிப்ட்டின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தால் சொல்லிவிடலாம். கடைசி கவுன்ட்டர், அதாவது சிரிப்பை முடித்து வைக்கும் பதிலடி, யார் வாயில் இருக்கிறது? பக்கத்தில் நிற்கும் ஆண் வாயில் இருந்தால், அந்தப் பெண் அங்கே வெறும் ‘ஜோடி’. அடுத்த சீசனில் வேறொரு ஜோடி வரும். கோத்தகிரி, குன்னூர், கூடலூர் பக்கமிருந்து ரீல்ஸில் வெளுத்து வாங்கும் பெண்கள் இப்போது நிறைய. “டிவிக்குப் போகலாமா?” என்று யோசிப்பவர்களுக்காகத்தான் இந்த நீண்ட பதிவு.

முதலில் ஒரு சங்கடத்தைப் பேசிவிடலாம். தமிழ் டிவி காமெடியில் பெண் பாத்திரத்துக்கு முதல் போட்டி இன்னொரு பெண் அல்ல, சேலை கட்டிய ஆண். விஜய் டிவி ‘அது இது எது’வின் ‘சிரிச்சா போச்சு’ சுற்றில் காமெடியன் ராமர் போட்ட பெண் கெட்டப்பும், பின்னால் நடிகர் புகழ் போட்ட கெட்டப்புகளும் யாருக்கும் மறக்காது. அவர்கள் திறமையில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கணக்கு எளிது. ஆண் சேலையில் வந்து நின்றாலே முதல் சிரிப்பு விழுந்துவிடுகிறது, அதற்கு ஒரு வரிகூட எழுத வேண்டாம். அடிக்கலாம், உருட்டலாம், தூக்கிப் போடலாம், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். நிஜப் பெண் உள்ளே வந்தால் அந்த இலவசச் சிரிப்பு கிடையாது. எழுதித்தான் ஆக வேண்டும். எழுதும் அறையில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள். அவர்கள் கைக்கு முதலில் வருவது பொண்டாட்டி, மாமியார், ‘மொக்கை ஃபிகர்’. நாடகத்தில் பையன்களே பெண் வேஷம் கட்டிய பாய்ஸ் கம்பெனி ஸ்திரீபார்ட் காலத்துப் பழக்கம், செட்டு மட்டும் எல்.இ.டி.க்கு மாறியிருக்கிறது.

இதைத் தாண்டி வந்தவர்களைக் கவனியுங்கள். கோவை சரளா ‘சதி லீலாவதி’யில் (1995) பேசிய கொங்குத் தமிழை அவருக்குப் பதில் யார் பேசியிருந்தாலும் பாதிச் சிரிப்பு போயிருக்கும். அறந்தாங்கி நிஷா ‘கலக்கப் போவது யாரு’ ஐந்தாவது சீசனில் ஊர்ப் பெயரோடுதான் வந்தார். தன் நிறத்தைத் தானே கலாய்த்தார். எனக்கு அந்த வகை ஜோக் பிடிக்காது. ஆனாலும் அந்தக் கத்தியின் பிடி அவர் கையில்தான் இருந்தது. அதைப் பார்த்து மேடை ஏறும் புதுப் பெண்கள் செய்யும் தப்பு என்னவென்றால், முதல் வாரம் தன்னைத் தானே கலாய்ப்பார்கள். மூன்றாவது வாரம் அதே வரியைக் கூட நடிப்பவர் எடுத்துச் சொல்வார். அப்புறம் அது ஜோக் இல்லை, வசவு. நிறுத்தச் சொன்னால் “நீதானேம்மா ஆரம்பிச்சே” என்பார்கள்.

வெளியூர் உதாரணம் ஒன்றே ஒன்று, ஏனென்றால் இது காகிதம் சம்பந்தப்பட்டது. அமெரிக்காவில் காமெடி நடிகை கேரல் பர்னெட் 1962இல் சி.பி.எஸ். டிவியோடு பத்து வருஷ ஒப்பந்தம் போட்டார். அதில் ஒரு சின்ன வரி இருந்தது. முதல் ஐந்து வருஷத்துக்குள் அவர் கேட்டால், ஒரு மணி நேர வெரைட்டி ஷோ முப்பது எபிசோடு கொடுத்தே ஆக வேண்டும். ஐந்தாவது வருஷம் முடியப்போகிற கடைசி வாரத்தில் போன் போட்டுக் கேட்டார். அது ஆண்களுக்கான வேலை, உங்களுக்குக் குடும்ப சிட்காம் தருகிறோம் என்று மழுப்பினார்கள். ஒப்பந்தத்தில் அந்த வரி இருந்ததால் தப்பிக்க வழியில்லை. நிகழ்ச்சி 1967இலிருந்து 1978 வரை, 11 சீசன் ஓடியது. வெறும் திறமையை மட்டும் நம்பியிருந்தால் கிடைத்திருக்காத பதினொரு சீசன் அது.

சரி, சரக்கு எங்கே கிடைக்கும்? மலையில் அதற்குப் பஞ்சமே இல்லை. எஸ்டேட்டில் பறித்த தேயிலைக் கொழுந்தை எடை போடும் இடத்தை எடுத்துக்கொள்வோம். மூட்டையைத் தராசில் வைத்ததும் சாக்குக்கு இவ்வளவு, தண்ணிக்கு இவ்வளவு என்று கிலோ கழிப்பார்கள். மழை நாளில் இலை ஈரமாக இருக்கும் என்பது கணக்கு. வெயில் நாளிலும் கழிப்பார்கள் என்பது தொழிலாளர்களின் புலம்பல். எடையை நோட்டில் குறிக்கும் எஸ்டேட் கணக்குப்பிள்ளைதான் ‘ரைட்டர்’. இதை நாலு நிமிஷ ஸ்கிட்டாகக் கட்டினால் இப்படி வரும்:

ரைட்டர்: “சரசு, இருபத்தி நாலு. சாக்குக்கு ரெண்டு, தண்ணிக்கு மூணு. பத்தொம்பது.”
சரசு: “ஐயா, ஒரு வாரமா மழையே இல்லீங்களே, தண்ணி ஏதுங்கய்யா?”
ரைட்டர்: “உன் வேர்வை இருக்குல்ல.”

இதே போல இன்னொரு மூட்டை, இன்னொரு சாக்குப்போக்கு. பிறகு ரைட்டர் “நான் எளைச்சிட்டேனாம், வீட்ல சொல்றாங்க” என்று தானே தராசில் ஏறுகிறார். நோட்டும் பேனாவும் சரசு கைக்கு வருகிறது.

சரசு: “எழுபத்தெட்டு. சட்டை, பேன்ட்டுக்கு ரெண்டு. தண்ணிக்கு ஆறு.”
ரைட்டர்: “நான் எங்கடி நனைஞ்சேன்?”
சரசு: “நேத்து ராத்திரி கடைவாசல்ல நனைஞ்சீங்களே, ஊரே பாத்துச்சுங்கய்யா.”

கைதட்டல் இறங்கத் தொடங்கியதும் சரசு, இலையைப் புரட்டுவது போல ரைட்டரின் கையைப் புரட்டிப் பார்த்துவிட்டு: “மிச்சம் எழுபதும் முத்தின இலைங்கய்யா. ஃபேக்டரில திருப்பி அனுப்பிருவாங்க.”

இது ஏன் வேலை செய்யும்? சென்னை ஆடியன்ஸுக்கு தேயிலை தெரியாது, ஆனால் ‘தண்ணி’க்கு இரண்டு அர்த்தம் தெரியும். கழிவு என்றால் என்ன என்பதை முதல் இருபது வினாடியில் செய்தே காட்டியாயிற்று, தனியாக விளக்கம் தேவைப்படவில்லை. முக்கியமானது மூன்றாவது காரணம். கடைசி கவுன்ட்டரை ரைட்டர் பாத்திரத்துக்கு மாற்றவே முடியாது. ரிகர்சலில் “இந்த பஞ்ச்சை அண்ணன் சொல்லட்டும், அவருக்குத்தான் ரீச்” என்று கட்டாயம் ஒருவர் சொல்வார். தராசில் நிற்பவனே தன் எடையைக் கழிக்க முடியாது, ஸ்கிட் உடைந்துவிடும். இப்படி எழுதிக் கொண்டுபோவதுதான் தற்காப்பு. சண்டை போட்டு பஞ்ச்சைக் காப்பாற்றிய பெண்களுக்குக் கிடைத்த பெயர் ‘திமிர்’.

எங்கே சொதப்பும்? நாலு நிமிஷத்துக்கு நாலு நிமிஷ வசனம் எழுதுவது முதல் தப்பு. மூன்று நிமிஷத்துக்குத்தான் வசனம், மிச்சம் சிரிப்புக்கும் நடுவருக்கு கேமரா திரும்புவதற்கும். சிரிப்பு உச்சிக்குப் போய் இறங்கத் தொடங்கும்போது அடுத்த வரி விழ வேண்டும். முழுதாக அடங்கட்டும் என்று காத்திருந்தால் மேடை குளிர்ந்துவிடும். ‘கொழுந்து’, ‘லைன் வீடு’ (தொழிலாளர்களின் வரிசை வீடு), ‘மஸ்டர்’ (வேலைக்கு வந்தவர்களின் பெயர் எடுப்பது) என்று மலைச் சொற்கள் ஒரு ஸ்கிட்டில் மூன்றுக்கு மேல் வேண்டாம். ஆனால் அந்த மூன்றையும் ‘டீ இலை’, ‘குவார்ட்டர்ஸ்’ என்று மாற்றவும் விடாதீர்கள். எஸ்டேட்டில் மூட்டையைக் கொக்கியில் மாட்டி எடை போடுவதும் உண்டு, ஸ்டேஜுக்குத் தரையில் வைக்கும் பிளாட்ஃபார்ம் தராசுதான் சரி, ஆள் ஏற வேண்டுமே. டிஜிட்டல் எண் ஆடியன்ஸ் கண்ணுக்குத் தெரியாது. எடையைச் சரசு வாய்விட்டுப் படிக்கட்டும், படிப்பதற்கு முன் ஒரு மூச்சு இடைவெளி.

கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் பிளாஸ்டிக் படங்கு (ஷீட்) மைக்குக்கு எமன். நடக்கும்போது சரக் சரக்கென்று உரசும், வசனம் கேட்காது. உள்ளே வரும் காட்சிக்கு மட்டும் பிளாஸ்டிக், மூட்டையை இறக்கும்போது அதையும் அவிழ்த்துப் போட்டுவிடலாம். காலர் மைக்கைச் சேலை மடிப்புக்கு வெளியே, நெஞ்சுக்கு நடுவே குத்தச் சொல்லுங்கள். முந்தானைக்கு அடியில் போனால் சத்தம் அமுங்கும். பின்னால் செருகும் மைக் பெட்டிக்குப் பாவாடை நாடா தாங்காது, தனியாக ஒரு துணி பெல்ட் கட்டிக்கொள்ளுங்கள். ஒரே ஸ்கிட்டில் இரண்டு கெட்டப் என்றால், மடிப்பு வைத்துத் தைத்த சேலையும் ஹூக்குக்குப் பதில் வெல்க்ரோ வைத்த ஜாக்கெட்டும் இல்லாமல் மேடை ஏறாதீர்கள். சாதாரணச் சேலையில் ஒரு நிமிஷத்துக்குள் மாற முடியாது. அவசரத்தில் ஊக்கு மைக் வயரோடு சேர்த்துக் குத்திவிடும்.

ஆடிஷனுக்கு வீடியோ அனுப்புவது மலைக்காரர்களுக்குத் தனிக் கஷ்டம். ஜூன், ஜூலையில் கூடலூர், பந்தலூர் பக்கம் தகர ஷீட்டுக்குக் கீழே எதையும் பதிய முடியாது, மழைச் சத்தம் குரலை விழுங்கிவிடும். கான்கிரீட் கூரை உள்ள அறை, ஜன்னல் வெளிச்சம் முகத்தில், போன் படுக்கைவாட்டில், இரண்டு நிமிஷம், ஒரே டேக். ஃபில்ட்டர் வேண்டாம். எடிட் செய்தால் டைமிங் உங்களுடையதா எடிட்டருடையதா என்று அவர்களுக்குத் தெரியாது.

கூப்பிட்டுவிட்டால் பயணம். மேட்டுப்பாளையத்தில் இரவு நீலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்தால் காலையில் சென்னை சென்ட்ரல். அக்டோபர், நவம்பரில் குன்னூர் மலைப்பாதையில் மண் சரிந்தால் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகத் திருப்பிவிடுவார்கள், மதியமே கிளம்பிவிடுவது நல்லது. ஒரே நாளில் இரண்டு மூன்று எபிசோடு எடுப்பார்கள், நள்ளிரவைத் தாண்டும். தங்கும் இடம், திரும்பும் டிக்கெட், உடன் வருபவர் செலவு, கெட்டப் செலவு யாருடையது? இதையெல்லாம் போகும் முன்பே எழுத்தில் கேளுங்கள், வாட்ஸ்அப் செய்தியாவது இருக்கட்டும். ஸ்கிட் நீங்கள் எழுதியது என்றால் டைட்டிலில் பெயர் வருமா, யூடியூபில் போடும் துண்டுக்கு உங்களுக்கு என்ன என்பதும் அதே செய்தியில் வரட்டும். சம்பளத்தில் 10 சதவீதம் டி.டி.எஸ். (முன்கூட்டியே கழிக்கும் வருமான வரி) பிடிப்பது வழக்கம், பான் எண் கொடுக்காவிட்டால் 20. வருமானம் வரி வரம்புக்குக் கீழே இருந்தால், கணக்குத் தாக்கல் செய்து அதைத் திரும்ப வாங்கலாம். எத்தனையோ பேர் வாங்குவதே இல்லை. பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனத்தில் பாலியல் புகாருக்கான உள் குழு இருக்க வேண்டும் என்பது 2013 சட்டம். குழுவில் யார் யார் என்று முதல் நாளே சாதாரணமாகக் கேட்டு வையுங்கள்.

டிவி சம்பளத்தை நம்பி யாரும் வீடு கட்டுவதில்லை. பணம் கோயில் திருவிழாவிலும் கல்லூரி விழாவிலும்தான். டிவியில் தெரிந்த முகத்துக்கு அந்த மேடை திறக்கும். இங்கேதான் ஒரு எச்சரிக்கை. நீலகிரி மலை மக்களான படுகர், தோடர், கோத்தர் உடையையும் பேச்சையும் கேலியாகப் போட்டால் சென்னை ஸ்டுடியோவில் சிரிப்பு எளிதாகக் கிடைக்கும். டைரக்டரே கேட்கவும் செய்வார். ஏப்ரலில் ஊட்டி மாரியம்மன் கோயில் திருவிழா நேரத்தில் அதே மக்கள் முன்னால் நிற்கத் துணிச்சல் வராது.

கேலி செய்ய அதிகாரத்தில் இருப்பவர்கள் போதும், விருந்தாளிகள் போதும். 2024 மே மாதத்திலிருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிக்கு இ-பாஸ். நாத்தனார் குடும்பம் லீவுக்கு வருகிறேன் என்றால் மலைக்காரி முதலில் சொல்லும் வார்த்தை “பாஸ் கிடைக்காதாமே அண்ணி” என்பதாகத்தானே இருக்கும்? அதுவே ஒரு ஸ்கிட். கோத்தகிரிப் பக்கம் கரடி கோயிலுக்குள் புகுந்து விளக்குக்கு ஊற்றிய எண்ணெயைக் குடித்துவிட்டுப் போகிறது, பூசாரியம்மா போய் வனத்துறையில் புகார் எழுதிக் கொடுக்கிறார். எத்தனை லிட்டர், என்ன பிராண்ட், கரடியின் தகப்பன் பெயர் என்ன என்று படிவத்தில் கேட்டால் எப்படி இருக்கும்? பூசாரியம்மா வேஷம் உங்களுக்கு, அதிகாரி வேஷத்தையும் இன்னொரு பெண்ணுக்கே கொடுங்கள். கரடிக்கு மட்டும் ஒரு ஆம்பளையைக் கூப்பிடலாம். கெட்டப் போடுவது அவர்களுக்குத்தான் கைவந்த கலை.