கோல் நித்ரே மெட்டு மாக்ஸ் புரூக் இயற்றியது அன்று

'யூதர்கள் யோம் கிப்பூர் (பாவமன்னிப்பு நாள்) மாலையில் பாடும் கோல் நித்ரேவுக்கு இசையமைத்தவர் மாக்ஸ் புரூக் என்ற யூதர்' என்று செலோ என்னும் பெரிய வயலின் வகைக் கருவியின் இசைக் காணொளியுடன் பரவிவரும் குறிப்பில் இரண்டு பிழைகள் உள்ளன. 1838-இல் கொலோன் நகரில் பிறந்த புரூக், புராட்டஸ்டன்ட் கிறித்தவர். செலோவுக்கும் இசைக்குழுவுக்குமாக 1880-இல் அவர் எழுதிய படைப்பே காணொளியில் ஒலிக்கிறது. அதன் முதற்பகுதிக்கு அடிப்படையான பழைய மெட்டை, பெர்லின் தொழுகைக்கூடப் பாடகர் ஆபிரகாம் லிக்டன்ஸ்டைன் வழியாகவே அவர் அறிந்தார். பிற்பகுதியும் அவருடைய சொந்தக் கற்பனை அன்று. ஆங்கிலக் கவிஞர் பைரனின் கவிதைக்கு ஐசக் நேத்தன் அமைத்த இசையிலிருந்து எடுத்துக்கொண்டது.

பாடலின் வாசகமோ மிகப் பழையது. 9-ஆம் நூற்றாண்டிலேயே பாபிலோனிய அறிஞர் அம்ராம் காவோன் அதைக் குறிப்பிட்டு, அவ்வழக்கத்தைக் கண்டித்திருக்கிறார். உருக்கமான மெட்டைக் கேட்பவர்கள் அதை மன்றாட்டு என்றே எண்ணக்கூடும். உண்மையில் அது, இறைவன்முன் செய்துகொண்ட நேர்த்திகளையும் சபதங்களையும் ரத்துசெய்யும், பெரும்பாலும் அரமேயம் என்ற பழைய மொழியிலான சட்ட வாசகம். தோரா என்னும் யூத வேதச் சுருள்களை ஏந்தியவர்கள் இருபுறமும் நிற்க, பாடகர் அதை மும்முறை பாடுவார். முதன்முறை தாழ்ந்த குரலில் தொடங்கி, அடுத்தடுத்த முறைகளில் குரலை உயர்த்துவது மரபு.

இந்த மெட்டும் யூதர் அனைவருக்கும் பொதுவானது அன்று. இது மத்திய, கிழக்கு ஐரோப்பிய அஷ்கெனாசி மரபுக்குரியது; ஸ்பெயின், போர்ச்சுகல் வழிவந்த செபார்டி சமூகத்தார் வேறு மெட்டுகளில் பாடுகின்றனர். சில சீர்திருத்தச் சபைகளில் புரூக்கின் படைப்பைச் செலோவில் வாசிப்பதுண்டு என்றாலும், யோம் கிப்பூர் அன்று இசைக்கருவிகளுக்குத் தடை உள்ள ஆர்த்தடாக்ஸ் (மரபுவழி) தொழுகைக்கூடங்களில் அது ஒலிப்பதில்லை.