எடைக்கல்லுக்கு முத்திரை, கழிவுக்கு?

அப்பா மளிகைக்கடை வைத்திருந்த காலத்தில் முத்திரை ஆய்வாளர் வருவார். எங்கள் எடைக்கற்களை ஒவ்வொன்றாக எடுத்து, தான் கொண்டுவந்த கல்லோடு தராசில் வைத்துப் பார்ப்பார். தேய்ந்திருந்தால் ஓரமாகத் தள்ளிவிடுவார். அப்பா ஒரு கிராம் குறைத்துக் கொடுக்காத மனிதர். ஆனாலும் "என் கல்லு சரியாத்தான் இருக்கு சார்" என்று அவரே சொல்லிக்கொண்டால் செல்லாது.

அணுக்கழிவு பற்றி யார் பேசினாலும் எனக்கு அந்தக் கற்கள்தான் ஞாபகத்துக்கு வரும். கசியுமா, கசியாதா என்று மணிக்கணக்காகச் சண்டை போடுகிறோம். கசிந்தால் அதை அளக்கப்போவது யார் என்று ஒருவரும் கேட்பதில்லை.

அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் கார்ல்ஸ்பாட் என்ற ஊருக்குக் கிழக்கே சுமார் 40 கிலோமீட்டர் போனால் 'விப்' என்ற அணுக்கழிவுக் கிடங்கு இருக்கிறது. நிலத்துக்கு அடியில் 655 மீட்டர் ஆழத்தில், 25 கோடி ஆண்டு வயதான உப்புப் படுகையைக் குடைந்து அறைகள் அமைத்திருக்கிறார்கள். அணுகுண்டு தயாரித்த கூடங்களில் புளூட்டோனியம் ஒட்டிய கையுறை, துணி, கருவிகள், வண்டல் எல்லாம் டிரம்களில் அடைபட்டு அங்கே போகின்றன. முதல் லாரி போனது 1999 மார்ச்சில்.

2014 பிப்ரவரி 14 இரவு 11.14க்கு அந்தச் சுரங்கத்தில் கதிரியக்க அலாரம் அடித்தது. லாஸ் அலமோஸ் அணு ஆயுத ஆய்வகத்திலிருந்து வந்த ஒரு டிரம் சூடேறி வெடித்திருந்தது. காரணம் கேட்டால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. நைட்ரேட் உப்புக் கழிவின் ஈரத்தை உறிஞ்ச, பூனை மலம் கழிக்கப் போடும் துகளைக் கலப்பார்கள். களிமண்ணில் செய்த துகளைப் போட வேண்டிய இடத்தில் கோதுமையில் செய்ததைப் போட்டுவிட்டார்கள். எரியத் தூண்டும் நைட்ரேட்டோடு எரியக்கூடிய கோதுமை சேர்ந்தால் வேறென்ன ஆகும்!

அலாரம் அடித்ததும் காற்றோட்டம் தானாகவே ஃபில்டர் வழிக்கு மாறியது. அதுவரை சரி. ஆனால் பழைய வழியை அடைக்கும் தடுப்புத் தகடுகள் முழுசாக மூடவில்லை. அந்த இடுக்கு வழியாகக் கொஞ்சம் வெளியே போய்விட்டது. மேலே பணியில் இருந்த இருபதுக்கும் மேற்பட்டவர்களின் உடலில் சிறு அளவு கதிரியக்கம் பின்னர் கண்டறியப்பட்டது.

வெளியே போனது என்ன என்று பிப்ரவரி 19 அன்று ஊருக்குச் சொன்னது நியூ மெக்சிகோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் கார்ல்ஸ்பாட் ஆய்வு மையம். கிடங்கிலிருந்து சுமார் ஒரு கிலோமீட்டர் தள்ளி அவர்கள் வைத்திருந்த காற்று மாதிரிக் கருவியின் ஃபில்டரில் அமெரிசியம் என்ற கதிரியக்கத் தனிமமும் புளூட்டோனியமும் இருந்தன. அமெரிசியம் 0.64 பெக்கரல். அதாவது ஒன்றரை விநாடிக்கு ஓர் அணு சிதைகிறது. இதைக் கண்டுபிடிக்க ஃபில்டரை அமிலத்தில் கரைத்து, தனிமங்களைப் பிரித்து, எண்ணிப் பார்க்க வேண்டும். அவசரப்பட்டால் நடக்காத வேலை அது.

"ஒரு வாழைப்பழத்தில் பதினைந்து பெக்கரல் இருக்கே, இதுக்கா இந்த ஆர்ப்பாட்டம்?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். வாழைப்பழத்தில் இருப்பது பொட்டாசியம். உடம்பு அதைத் தேவையான அளவு வைத்துக்கொண்டு மீதியை வெளியே தள்ளிவிடும். ஆல்ஃபா என்ற கதிர்த்துகளை உமிழும் அமெரிசியம் மூச்சோடு உள்ளே போனால் நுரையீரல், எலும்பு, ஈரல் என்று தங்கிவிடும். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. ஆனாலும் இந்த 0.64 ஊர்மக்களுக்குக் கேடு செய்யும் அளவில்லை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். கிடங்கை நடத்துபவர்களே அதைச் சொல்லியிருந்தால் கார்ல்ஸ்பாட்காரர்கள் நம்பியிருப்பார்களா என்பதுதான் என் கேள்வி.

அந்த மையம் செய்த இன்னொரு வேலை எனக்கு மிகவும் பிடிக்கும். கிடங்கு திறப்பதற்கு முன்பே, 1997லிருந்து, சுற்றுவட்டார மக்களை இலவசமாகப் படுக்கவைத்து உடம்பில் உள்ள கதிரியக்கத்தை எண்ணி வருகிறார்கள். மண், தண்ணீர், காற்று எல்லாவற்றுக்கும் 'முன் கணக்கு' இருக்கிறது. அது இல்லாவிட்டால் குழப்பம்தான். பத்துக் கிலோமீட்டருக்குள்ளேயே 1961இல் 'நோம்' என்ற அணுகுண்டைப் பூமிக்கடியில் வெடித்து, அதுவும் கசிந்த நிலம் அது. மண்ணில் புளூட்டோனியம் கிடைத்தால் குண்டினுடையதா, கிடங்கினுடையதா? பழைய கணக்கு இருந்தால்தான் பதில் சொல்ல முடியும்.

அங்கே எல்லாம் ஒழுங்கு என்று சொல்ல வரவில்லை. அந்த மையத்துக்கும் பணம் கொடுப்பது கிடங்கின் சொந்தக்காரரான அமெரிக்க எரிசக்தித் துறைதான். 1978இல் தொடங்கிய இன்னொரு சுயேச்சையான மதிப்பீட்டுக் குழு, அதே துறை பணத்தை நிறுத்தியதும் 2004இல் மூடப்பட்டது. காவல்காரனின் சம்பளம் திருடன் கையில் என்று சொன்னால் கொஞ்சம் அதிகம். வீட்டுக்காரன் கையில் என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது நம் கல்பாக்கம். 2003 ஜனவரி 21 அன்று, பயன்படுத்திய அணு எரிபொருளை மறுசுழற்சி செய்யும் ஆலையின் கழிவுத் தொட்டிப் பகுதியில் ஒரு வால்வு பழுதாகி, கடுமையான கதிரியக்கக் கழிவு வரக்கூடாத இடத்துக்குள் வந்துவிட்டது. மாதிரி எடுக்கப்போனவர்களுக்கு அது தெரியாது, ஏனென்றால் அந்த இடத்தில் கதிரியக்கத்தைக் காட்டும் கருவியே இல்லை. எடுத்த மாதிரியைச் சோதித்தபோதுதான் விஷயம் புரிந்தது. ஆறு ஊழியர்கள் வரம்பைத் தாண்டிய கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். வெளியுலகுக்குத் தெரிய மாதங்கள் ஆயின. அதற்கு மூன்று வருஷம் முன்பு, 2000இல்தான், பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் கூடங்களை அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் கண்காணிப்பிலிருந்து எடுத்து, மையத்தின் சொந்தக் குழுவிடமே கொடுத்திருந்தார்கள். அந்த ஆலையும் அதில் அடக்கம்.

கல்பாக்கத்தில் சூழல் ஆய்வகம் இல்லாமல் இல்லை. அணு உலை ஓடத் தொடங்குவதற்கு முன்பிருந்தே மீன், பால், தண்ணீர் என்று மாதிரி எடுக்கிறார்கள். அங்குள்ளவர்களின் திறமையில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த ஆய்வகமும் அதே பாபா மையத்தைச் சேர்ந்தது. கல்லும் கடைக்காரருடையது, தராசும் கடைக்காரருடையது.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆல்ஃபா எண்ணும் வசதியோடு ஓர் ஆய்வகம், பக்கத்திலுள்ள சதுரங்கப்பட்டினத்திலும் புதுப்பட்டினத்திலும் நான்கைந்து காற்று மாதிரிக் கருவிகள், ஃபில்டரில் வந்த எண்ணை யாரிடமும் அனுமதி கேட்காமல் அந்த மாதமே தமிழில் ஒட்டிவைக்க ஒரு பலகை. ஊர்க்காரர் யார் வேண்டுமானாலும் போய்ப் படுத்து, தன் உடம்பின் கணக்கைத் தாளில் வாங்கிக்கொண்டு வர ஓர் அறை. இந்தத் துறையில் இருக்கும் நண்பர்கள் யாராவது இதற்கு ஆகும் செலவைத் தோராயமாகப் போட்டுச் சொன்னால் நன்றாக இருக்கும்.